இரண்டரை அடி மேலே

சென்னை,
9 ஜூன் 2024

அன்புத் தம்பி லாரன்ஸ்,

நானும் உன் அத்தானும் சுகம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீயும் சுபிதாவும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்கு மூன்று மாதம் தாண்டிவிட்டது என்று கேட்ட நாளிலிருந்து தினமும் ஒரு செபமாலை சொல்கிறேன். குடம் தூக்க விடாதே. அவள் தூக்கத்தான் பார்ப்பாள்.

இங்கே ஒரு சந்தோஷச் செய்தி. கடற்கரை வீடுகளுக்கான கட்டட விதியைத் திருத்தும் எங்கள் குழுவில் உன் அக்கா ஜெயித்துவிட்டாள். கடல் ஏறிக்கொண்டே வருகிறது, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கணக்கை வைத்து வீடு கட்டினால் தாங்காது, வீட்டுத் தரை பழைய விதியைவிட இரண்டரை அடி உயர வேண்டும் என்று இரண்டு வருஷமாகத் தொண்டை வறளப் பேசினேன். ஒன்றரை அடியே தாராளம் என்று விஜயன் சார் கடைசி வரை மல்லுக்கு நின்றார். நான் உங்கள் சிப்பித்துறைக் காலனியின் போட்டோவைத் திரையில் போட்டேன். வரப்போகிற புது விதிப்படி மாதிரிக்காக முதன்முதலாகக் கட்டிய இருபத்துநான்கு வீடுகள். கட்டிய மேஸ்திரி என் தம்பி என்று மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டேன். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். டிசம்பர் பத்தாம் தேதி இறுதிக் கூட்டம்.

ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் தீவில் போன் கிடைப்பதே அபூர்வம், கிடைத்தாலும் பாதிப் பேச்சு வந்து சேர்வதில்லை. எழுதியே அனுப்பு. கோயில் மேட்டில் மட்டக்கல் இருக்கிறதல்லவா? கடலிலிருந்து இத்தனை அடி உயரம் என்று சர்வேக்காரர்கள் அந்தக் காலத்தில் குறித்து வைத்த கல். அதிலிருந்துதான் உங்கள் காலனியின் தரை உயரத்தை எடுத்தார்கள். கல்லுக்கும் உன் வீட்டுத் தரைக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று உன் கையால் அளந்து எழுது. என் அறிக்கையில் ஒரு வரி அதற்காகக் காத்திருக்கிறது.

சுபிதாவை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா,
சிசிலியா


சிப்பித்துறை,
2 ஜூலை 2024

மரியே வாழ்க.

அக்காவுக்கும் அத்தானுக்கும் லாரன்ஸ் எழுதுவது. ஆண்டவர் காப்பில் இங்கே நாங்கள் இருவரும், வயிற்றுக்குள் இருக்கிற மூன்றாவது ஆளும் நலம். அத்தானை வேப்பெண்ணெய் தடவச் சொல்.

நீ ஜெயித்ததைக் கேட்டு சுபிதா காலனி முழுக்க டீ போட்டுக் கொடுத்தாள். குடி வந்து இரண்டு மாதம் ஆகிறது. வீடுகளைப் பற்றி எல்லோருக்கும் திருப்திதான். ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு ஈரக் கோடு விழுந்திருக்கிறது. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே, நாலு சுவரையும் சுற்றி வருகிறது. காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. அடுத்த வீட்டிலும் அப்படியே. ஜூனியர் இன்ஜினியர் பாலகுமார் வந்து விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். "மேஸ்திரி, சீ சாண்டு கலந்துட்டீங்கபோல. சால்ட்டு வெளிய தள்ளுது" என்றார், பத்துப் பேர் முன்னால். நான் கை வைத்த கலவையில் கடல் மண் ஒரு சட்டி போனதில்லை அக்கா. அது உனக்குத் தெரியும். பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினேன். ஒன்பதாம் நாள் அதே இடத்தில் அதே கோடு.

சுபிதாவின் பூனை இப்போதெல்லாம் தரையில் இறங்குவதில்லை. ஜன்னல் கட்டையிலும் அலமாரி மேலும்தான் கிடக்கிறது. சோற்றைக்கூட மேலே வைத்தால்தான் தின்கிறது.

கல் விஷயம் கேட்டிருந்தாய். மழை விடட்டும், பார்க்கலாம். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துக்குப் போகிற படகில் என்னோடு வேலை செய்கிற குணா ஏறப்போகிறான், அவனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

தம்பி,
லாரன்ஸ்


சென்னை,
21 ஜூலை 2024

அன்புத் தம்பி,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வேப்பெண்ணெய் நாற்றத்தில் நான்தான் வேறு அறையில் படுக்கிறேன்.

கோட்டுக்குப் பயப்படாதே. மண்ணில் இருக்கிற ஈரம் செங்கல் வழியாக ஏறும். ஏறி ஓர் உயரத்தில் காற்றில் காய்ந்துவிடும், உப்பு மட்டும் அங்கே தங்கும். இது பாடப் புத்தகத்தில் இருக்கிற சங்கதி. பாலகுமாரிடம் கோபித்துக்கொள்ளாதே. அவர் வயசில் நானும் எல்லா மேஸ்திரியையும் சந்தேகப்பட்டவள்தான்.

அப்படி ஏறுகிற ஈரம் நேர்கோடாக நிற்காது. ஒரு வீட்டில் ஒன்றரை அடி, ஒரு வீட்டில் மூன்றடி என்று வளைந்து நெளிந்துதான் இருக்கும். உன் டியூப் மட்டத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக அளந்து பார். நீயே சிரிப்பாய். அளக்கும்போதே மட்டக்கல்லையும் அளந்துவிடு. இரண்டாம் முறையாகக் கேட்கிறேன், உனக்கு ஞாபகமறதி எப்போதிருந்து?

ஆசீர்வாதங்களுடன்,
சிசிலியா


சிப்பித்துறை,
16 ஆகஸ்ட் 2024

மரியே வாழ்க.

அக்கா, நாங்கள் நலம். நேற்று மாதா திருநாள் நல்லபடியாக முடிந்தது. சுபிதாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. உங்கள் சுகத்துக்கும் வேண்டிக்கொண்டோம்.

நீ சொன்னபடி அளந்தேன். டியூபில் குமிழி இல்லாமல் தண்ணீர் ஏற்றி, ஒரு முனையைக் குணா பிடிக்க, மறுமுனையை நான் பிடித்து, இருபத்துநான்கு வீட்டிலும் பார்த்தோம். எல்லா வீட்டிலும் தரையிலிருந்து இரண்டரை அடி. மயிரிழை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ரசமட்டம் வைத்து நான் இழுத்த கோடுகூட இத்தனை சுத்தமாக வந்ததில்லை.

ஈரம் செங்கல் வழியாக ஏறும் என்றாய். பதினான்காம் நம்பரில் ஒரு இரும்பு பீரோ சுவரை ஒட்டாமல் தனியாக நிற்கிறது. அதன் மேலும் கோடு ஓடுகிறது. மரக் கதவிலும் இருக்கிறது. தொங்குகிற சேலையில் அந்த உயரத்துக்குக் கீழே நனைந்திருக்கிறது, மேலே காய்ந்திருக்கிறது.

இன்னொன்றும் எழுதுகிறேன், சிரிக்காதே. மத்தியானம் வேலை முடிந்து வந்து பாயில் படுத்திருந்தேன். சுபிதா கிணற்றடியில் இருந்தாள். வீட்டுக்குள் யாரோ பெருக்குகிற சத்தம் கேட்டது. ஈர்க்கு விளக்குமாறு சிமெண்டில் உரசும் சத்தம். தரையில் இல்லை. என் முகத்துக்கு மேலே, அந்தக் கோட்டு உயரத்தில், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பெருக்கிக்கொண்டு போனது.

ஒன்பதாம் நம்பரில் குழந்தைவேலு அண்ணன் இருக்கிறார். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பல் கயிறு பிடித்தவர், இடுப்புக்குக் கீழே விழுந்து ஆறு வருஷமாகப் படுக்கை. அவரிடம் மெதுவாகக் கேட்டேன். "அரே லாரன்ஸு, உனக்கு இப்பத்தான் கேக்குதா? ஊப்பர்ல, நம்ம தலைக்கு மேல, ஒரு குடும்பமே இருக்குது. காலைல சாயா போடுறாங்க. நான் படுத்துக்கிட்டே பாதத்த எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார். அவருக்குப் பயமே இல்லை. பேச்சுத்துணை கிடைத்த மாதிரி சொல்கிறார்.

மழை இன்னும் விடவில்லை.

தம்பி,
லாரன்ஸ்


சிப்பித்துறை,
22 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

சுபிதா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன், நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. குணாவிடம் சொல்லி அனுப்புகிறேன்.

அவர் முன்னைப்போல் இல்லை மதினி. சாப்பாடு இறங்குவதில்லை. வேலையிலிருந்து வந்தால் கோயில் மேட்டுக் கெபிக்கு எதிரே போய் உட்கார்ந்துவிடுகிறார். செபம் சொல்வதில்லை, மெழுகுதிரி கொளுத்துவதில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறார். என்னவென்று கேட்டால் எழுந்து போய்விடுகிறார்.

அந்தக் கெபியால்தான் எனக்கு இந்தப் பிள்ளை. உங்களுக்கு அவர் சொல்லியிருக்க மாட்டார், கூச்சப்படுவார். கோயில் மேட்டில் பாசி பிடித்த ஐந்து படிக்கு மேலே பழைய சிலுவைக் கல் ஒன்று இருந்தது. ஒரு கோடும் அதன் கீழே அம்பும் வெட்டிய கல், பார்த்தால் சிலுவை நட்ட மாதிரி இருக்கும். ஆதியில் வந்த சாமியார் யாரோ வெட்டியது என்று எல்லோரும் அதில் திரி கொளுத்துவோம். மூன்றாவது தடவை எனக்குக் கலைந்தது அந்தப் படியில் வழுக்கித்தான். இனி படியே ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார். நான் நேர்ச்சையை விடமாட்டேன் என்று அழுதேன். போன வருஷம் ஜனவரியில் அவர் தனியாகக் கடப்பாரை போட்டுக் கல்லைப் பெயர்த்து ஐந்து படிக்குக் கீழே இறக்கி, சுற்றிக் குகை மாதிரி கெபி கட்டி சிமெண்டு வைத்துப் பதித்துக் கொடுத்தார். தினமும் நடந்து போய்த் திரி வைத்தேன். மாதா கேட்டாள்.

பெண்டாட்டிக்காக ஒரு கல்லையே தூக்கி வைத்த மனுஷன் இப்போது என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார். ஒரு வரி எழுதுங்கள்.

பிரியமுள்ள,
சுபிதா


சென்னை,
6 அக்டோபர் 2024

லாரன்ஸ்,

இங்கே சுகம். சுபிதாவைக் கோபித்துக்கொள்ளாதே, அவள் உன் நன்மைக்குத்தான் எழுதினாள். தான் எழுதியது என்னவென்று அவளுக்குத் தெரியாது.

ஒரு படி எத்தனை அங்குலம்?

சிசிலியா


சிப்பித்துறை,
20 அக்டோபர் 2024

அக்கா,

ஒரு படி ஆறு அங்குலம். ஐந்து படி. கணக்கு உனக்கே தெரியும்.

நான் மேஸ்திரி, சர்வேக்காரன் இல்லை. அதை இறக்கும்போது அது சிலுவைக் கல் என்றுதான் நானும் நம்பினேன், சத்தியமாக. ஆறு மாதம் கழித்துக் காலனிக்கு மட்டம் எடுக்கப் பாலகுமார் சர்வே ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு வந்தார். 'கோயில் பக்கம், அம்புக்குறிக் கல்' என்று அதில் எழுதியிருந்ததாம். நேரே கெபிக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, கல் மேல் அளவுகோலை நிறுத்தினார். அதுதான் மட்டக்கல் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரிஜிஸ்டரில் உயரம் பழைய உயரம், கல் நிற்பது புது இடம். அதிலிருந்து எடுத்த எல்லா மட்டமும் இரண்டரை அடி பள்ளம்.

அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம். சர்க்கார் கல்லைப் பெயர்த்தவன் என்று போலீஸில் மாட்டியிருப்பேன், அது போகட்டும். கல்லைத் திரும்ப மேலே ஏற்றினால் சுபிதா என்ன ஆவாள் என்று பயந்தேன். அஸ்திவாரம் போட்டோம், பேஸ்மட்டம் எழுப்பினோம், ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. அதன்பின் சொல்லத் தைரியம் இல்லை.

நீ சண்டை போட்டு வாங்கிய இரண்டரை அடியை நான் கெபிக்குள் புதைத்துவிட்டேன். நம் வீடுகள் பழைய விதிப்படிதான் நிற்கின்றன. மேலே நடக்கிறவர்கள் யார் என்று எனக்குப் புரிகிறது அக்கா. சரியான உயரத்தில் ஒரு வீடு இருக்கிறது. அதில் நாங்களே குடியிருக்கிறோம். நேற்று மேலே ஒரு பிள்ளை அழுதது.

பாலகுமார் வீட்டு வாசல் வரை இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன். நீ அங்கிருந்து எழுதிவிடு. உன் எழுத்துக்கு மரியாதை உண்டு. என்னை என்ன செய்தாலும் சரி, வடகிழக்கு மழைக்கு முன்னால் இவர்களை வெளியேற்றச் சொல்.

லாரன்ஸ்


சிப்பித்துறை,
17 நவம்பர் 2024

அக்கா,

நலமா? என் கடிதம் வந்ததா? நாலு படகு வந்து போய்விட்டது, உன் பதில் இல்லை.

சுபிதாவைப் பேறுகாலத்துக்கு ஷாதிபூரில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். காலனியில் கோடு இப்போது காய்வதே இல்லை. விரல் வைத்தால் நனைகிறது. மேலே நடமாட்டம் குறைந்துவிட்டது. குழந்தைவேலு அண்ணனைக் கேட்டேன். "சாமான் கட்டுறாங்கப்பா. காலி பண்றாங்கபோல" என்றார்.

நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

லாரன்ஸ்


சென்னை,
25 நவம்பர் 2024

அன்புத் தம்பி,

நாங்கள் நலம். சுபிதா ஷாதிபூரில் பத்திரமாக இருக்கிறாள் என்று அறிந்து நிம்மதி.

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. உடனே எழுதாததற்கு என்னைத் திட்டு. உன்னைவிட நான் யோசித்திருக்கிறேன் என்று மட்டும் நம்பு. இந்தக் கூட்டத்துக்கு இன்னும் பதினைந்து நாள்தான். இப்போது இது வெளியே வந்தால் விஜயன் சார் எழுந்து நிற்பார். மாதிரிக் காலனியையே ஒழுங்காக அளக்கத் தெரியாதவர்களா விதி எழுதுகிறார்கள் என்பார். இரண்டரை அடி போய்விடும். நம் கடற்கரைகளில் இனிமேல் கட்டப்போகிற அத்தனை வீடுகளும் தாழ்ந்தே நிற்கும். இருபத்துநான்கு வீட்டையும் அத்தனை வீட்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன்.

டிசம்பர் பத்து வரை பொறு. பதினொன்றாம் தேதி நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். ஜன்னலைச் சாத்தி வை. தைரியமாக இரு.

அக்கா


சிப்பித்துறை,
8 டிசம்பர் 2024

அக்கா,

உன் கடிதம் போன வியாழக்கிழமைப் படகில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் தேதியே கடல் வந்துவிட்டது.

மூன்று நாள் மழை, அமாவாசைப் பெருக்கம் வேறு. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு என்பதால் காலனி முழுக்க மேட்டில் கோயிலில் இருந்தது. அந்தப் பூசை இல்லையென்றால் என்னென்னவோ ஆகியிருக்கும். சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கும்போது நாய்கள் படியேறி உள்ளே வந்தன. வெளியே பார்த்தால் காலனிக்குள் தண்ணீர் நிற்கிறது. அலை இல்லை, இரைச்சல் இல்லை. எப்போது வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

குழந்தைவேலு அண்ணனின் மனைவி மரகதம் அக்கா மகளைப் பார்க்கப் புரோத்ராபூர் போயிருந்தார். காலையில் கஞ்சி கொடுத்தது நான்தான். பூசை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். நீந்தித்தான் போனேன். கதவு உப்பிப்போய்த் திறக்கவில்லை. கூரை ஓடுகளை உடைத்து உள்ளே குதித்தேன். அவர் கட்டில் ஒன்றரை அடி உயரம் அக்கா. தண்ணீர் இரண்டரை அடி. சுவரில் அந்த உப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றது, அதற்கு மேல் ஒரு நூல் ஏறவில்லை. விதிப்படி கட்டியிருந்தால் அது அவர் வாசற்படியை நனைத்துவிட்டுத் திரும்பியிருக்கும்.

அவர் உடலை மேட்டுக்குத் தூக்கி வந்து கிடத்தி, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். கல்லை இறக்கியது, பாலகுமார் அளந்தபோது வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும். யாரும் என்னை அடிக்கவில்லை. பாலகுமார்தான் கீழே உட்கார்ந்து அழுதார்.

விசாரணைக்கு ஆள் வருகிறார்கள். உன்னிடம் முன்பே சொன்னதை நான் சொல்லப்போவதில்லை. உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

லாரன்ஸ்


சென்னை,
6 ஜனவரி 2025

என் தம்பிக்கு,

பெண் குழந்தை பிறந்த செய்தியைச் சுபிதாவின் அம்மா போனில் சொன்னார்கள். தாயும் சேயும் நலம் என்று கேட்டு அழுதேன். அத்தானும் ஆசீர்வாதம் சொல்கிறார்.

நீ என் கடிதத்தை எரித்தாய். நான் உன் கடிதத்தை எரிக்கவில்லை. ஐந்து படி பற்றி நீ எழுதியது அக்டோபர் முப்பதாம் தேதி என் கைக்கு வந்தது. உறையில் தபால் முத்திரை இருக்கிறது. அன்றைக்கும் கடல் வந்த நாளுக்கும் நடுவே முப்பத்திரண்டு நாள். அந்த உறையையும் கடிதத்தையும், நான் உனக்குப் பொறு என்று எழுதியதை என் வாக்குமூலமாகவும் விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். நீ தப்புச் செய்தாய். ஆனால் கேட்டாய். நான் படித்தவள், தெரிந்தே காத்திருந்தேன்.

இரண்டரை அடி கூட்டத்தில் நிறைவேறிவிட்டது. ஒரு கல்லை மட்டும் நம்பி மட்டம் எடுக்கக் கூடாது, வேறு இரண்டு கற்களிலிருந்து சரிபார்க்க வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். அந்த வரியை எழுதியது நான்தான். கூட்டம் முடிந்ததும் தெரிந்தே காத்திருந்ததைச் சொன்னேன், மறுநாள் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். நியாயம்தான்.

தராசில் வைத்தேன் என்று உனக்கு எழுதினேன். அந்தத் தட்டில் ஒரு கட்டில் இருந்ததை நான் பார்க்கவில்லை. எனக்குத் தூக்கம் இல்லை லாரன்ஸ்.

அக்கா


சிப்பித்துறை,
9 பிப்ரவரி 2025

மரியே வாழ்க.

அக்காவுக்கும் அத்தானுக்கும் எழுதுவது. பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறாள். பிரவீனா என்று பெயர் வைத்திருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

எனக்கு இனி சர்க்கார் வேலை கிடையாது. இந்தக் காலனியைச் சரிசெய்கிற வரைக்கும் மட்டும் என்னை வைத்திருக்கிறார்கள், அதுவும் பாலகுமார் மன்றாடிக் கேட்டதால். கல்லை மேலே கொண்டுபோய் வைத்தாயிற்று. சுபிதாவே கூட வந்து நின்றாள்.

இப்போது ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே மண் நிரப்பித் தரையை இரண்டரை அடி உயர்த்துகிறோம். சுவரையும் ஓட்டுக் கூரையையும் அதே அளவு ஏற்றிக் கட்டுகிறோம். இருபத்துமூன்று வீடு முடிந்தது. புதுத் தரை போட்ட வீடுகளில் சத்தம் நின்றுவிட்டது. நடந்தால் நம் காலடிதான் கேட்கிறது. சுபிதாவின் பூனை இறங்கித் தரையில் படுக்கிறது.

ஒன்பதாம் நம்பர்தான் பாக்கி. மரகதம் அக்கா மகளோடு புரோத்ராபூரில் இருக்கிறார், வீடு பூட்டிக் கிடக்கிறது. இந்த மாதத்துக்குள் அதையும் நிரப்பி முடிக்க வேண்டும் என்று உத்தரவு. மூன்று நாளாக மண்ணைக் கொண்டுபோய் வாசலில் கொட்டி வைத்திருக்கிறேன். உள்ளே சத்தம் கேட்கிறது அக்கா. மேலே இல்லை. தரையில். ஈரப் பாதம் சிமெண்டில் ஒட்டி ஒட்டி எடுக்கிற சத்தம். ஆறு வருஷம் படுத்தே கிடந்தவர், மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

நேற்று கதவைத் திறந்து முதல் சட்டி மண்ணோடு நின்றேன். நடை நின்றது. நான் வந்தது தெரிந்து நின்ற மாதிரி இருந்தது. வேலையாட்கள் வெளியே காத்திருந்தார்கள், குணா இரண்டு தடவை கூப்பிட்டான். எத்தனை வீட்டில் மண் கொட்டியிருக்கிறேன். அவர் நடக்கிற தரையில் கொட்ட எனக்குக் கை வரவில்லை.

தம்பி,
லாரன்ஸ்